மருத்துவக் கல்லூரியில் மன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

"நாடகம், பாட்டு, ரத்ததான முகாம் என்று மாணவர் மன்றம் எதிலும் தலை கொடுக்காதே, படிப்பை மட்டும் பார்." எம்.பி.பி.எஸ். சேரும் பிள்ளைக்கு இப்படிச் சொல்லி அனுப்பும் பெற்றோரை வேலூரில் நிறையப் பார்க்கிறேன். இப்போது முதலாமாண்டிலேயே, மேற்படிப்புக்கான பி.ஜி. நீட் நுழைவுத்தேர்வு கோச்சிங் பேச்சும் வந்துவிடுகிறது. அவர்கள் கவலை நியாயமானதுதான். அறிவுரை தவறு.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் வரும் ஓ.பி.யில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சித்தூரிலிருந்து வருபவர் தெலுங்கு பேசுவார், மேல்விஷாரம் அம்மாவுக்கு உருது. அணைக்கட்டுப் பாட்டி "நெஞ்சு படபடங்குது" என்பார். இதயமா, ரத்தசோகையா, வீட்டுக் கவலையா? பேச்சுக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். மன்றத்துப் பிள்ளைகள் கிராமத்தில் சர்க்கரை நோய் பற்றித் தெருநாடகம் போடும்போது கூட்டத்தில் ஒருவர், "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?" என்று குறுக்கே கேட்பார். கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும் என்பதை அவரை மட்டம் தட்டாமல், அவர் நம்பும்படி அங்கேயே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்த கோச்சிங் சென்டர் தரும்?

இது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1918இல் இங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், கிராமம் கிராமமாகப் போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தவர். அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் இன்றும் கிராமத்தில் தங்கிப் படிக்கிறார்கள்.

இன்னொன்று. 2020இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, அங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கூடுதலாக வருகிறார்கள். அனாடமி வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பயந்து வாய் திறக்காத பெண், தமிழ் மன்றத்தில் மைக் பிடித்தால் ஹாலே திரும்பிப் பார்க்கும். அந்தத் துணிச்சலோடுதான் அப்புறம் வகுப்பிலும் சந்தேகம் கேட்பாள். சீனியர்களின் பழைய நோட்ஸும் அங்கேதான் கைமாறும்.

சரி, சீனியர் என்றாலே ராகிங் பயம். மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு 1997இல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது, அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்ற ஒத்திகை மாலையில், ஆசிரியர் பார்வையில் நடக்கட்டும். ஹாஸ்டல் அறையில், நள்ளிரவில் வேண்டாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கலைவிழாவுக்கும் டி-ஷர்ட்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதை நிறுத்துங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை அந்தத் தொகைக்கு அஞ்சியே ஒதுங்கிவிடுகிறது. மன்றம் அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.