நமக்கு இங்கே ஓட்டு இருக்கிறது

போன சனிக்கிழமை ராத்திரி நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். வடக்கு லண்டன், கோலின்டேல், ஏழாவது மாடி. அண்ணி தோசை சுட்டுக் கொடுக்கக் கொடுக்க, பேச்சு தமிழ்நாட்டுக் கூட்டணிக் கணக்கில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. 234 தொகுதியில் யாருக்கு எத்தனை, யார் யாரோடு சேர்வார், எந்த மாவட்டம் யார் பக்கம் என்று ஆளுக்கொரு கணக்கு. அப்புறம் யாரோ ஒருவர் பேச்சை இந்த ஊர்ப் பக்கம் திருப்பினார். நிரந்தர வசிப்புரிமைக்கு (ஐஎல்ஆர்) 5 வருடம் காத்திருந்தால் போதும் என்று நம்பி வந்தவர்களுக்கு அதை 10 வருடமாக்கப் போகிறார்களே, அது. எல்லோர் முகமும் மாறிவிட்டது. அந்த அறையில் ஐஎல்ஆருக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் மட்டும் ஐந்து பேர்.

வீட்டுக்கார அண்ணன் சொன்னார்: "நம்ம என்ன பண்ண முடியும்? நமக்கெல்லாம் இங்க ஓட்டா இருக்கு? வந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்."

"இருக்குண்ணா" என்றேன்.

"எது?"

"ஓட்டு. உங்களுக்கும் இருக்கு, அண்ணிக்கும் இருக்கு. நான் 2024-ல போட்டேன், இதே இந்தியப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு."

யாரும் நம்பவில்லை. எட்டுப் பேரில் ஒருவர் ஐடியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், ஒருவர் மருத்துவமனையில் நர்ஸ், ஒருவர் கணக்காளர். வந்து நான்கைந்து வருடமாக வரி கட்டுகிறவர்கள். ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

சட்டம் இதுதான். இந்தியா காமன்வெல்த் நாடு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் வசித்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். 1983-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. உள்ளாட்சிக் கவுன்சில் தேர்தலுக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்துத்தான். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டாம், ஐஎல்ஆர் வேண்டாம். வேலை விசா, டிபெண்டன்ட் விசா, படிக்க வந்த பிள்ளைகளின் மாணவர் விசா, எல்லாம் போதும். இலங்கைத் தமிழர்களுக்கும் இதே உரிமை உண்டு. பிரான்ஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து கடை வைத்திருக்கும் நம் தமிழ் அண்ணனுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. போன மாதம் சென்னையிலிருந்து வந்து இறங்கிய பையனுக்கு உண்டு.

இது ஏன் இப்படி என்றால், பேரரசு காலத்து மிச்சம். அன்றைக்கு நாமெல்லாம் 'பிரிட்டிஷ் பிரஜைகள்'. பேரரசு போன பிறகும் அந்த வாக்குரிமை மட்டும் சட்டத்தில் தங்கிவிட்டது. இந்தியா பதிலுக்கு பிரிட்டிஷ்காரருக்கு ஓட்டு தருவதில்லை. இதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஊரில் வெளிநாட்டவர் யாராவது இப்படி ஓட்டுரிமை கேட்டால் நமக்கும் அந்தக் கேள்வி வரும். ஆனால் இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. வரி, நேஷனல் இன்சூரன்ஸ், கவுன்சில் டாக்ஸ், அதற்கு மேல் ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் நாமே விட்டுக்கொடுப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது எது தெரியுமா? நமக்கு ஓட்டின் அருமை தெரியாமல் இல்லை. 2025 நவம்பர் மாதம் முழுக்க நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடியது? எஸ்ஐஆர். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். அம்மாவுக்குப் படிவம் வந்ததா, பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்தாரா, பழைய பட்டியலில் அப்பா பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று ராத்திரி 12 மணிக்கும் தேடிக்கொண்டிருந்தோம். நானும் என் அம்மாவுக்காக வீடியோ காலில் உட்கார்ந்து, படிவத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லி நிரப்ப வைத்தேன். "என் பேரு போயிருமாடி?" என்று அம்மா மூன்று தடவை கேட்டார். எழுபது வயதில் ஓட்டு லிஸ்டில் பெயர் போய்விடுமோ என்று அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது.

அதே நாட்களில், நாம் குடியிருக்கும் ஊரின் பட்டியலில் நம் பெயர் இல்லை. யாரும் நீக்கியதால் இல்லாமல் போகவில்லை, நாம் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ கொடுத்து ஊரில் பெயர் சேர்க்கலாம், சரி. ஆனால் ஓட்டுப்போட நேரில் போய் நிற்க வேண்டும், கையில் அசல் பாஸ்போர்ட்டோடு. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் நடந்தபோது டிக்கெட் எடுத்துப் போக நம்மில் எத்தனை பேரால் முடிந்தது? பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டால் அதுவும் போச்சு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது. ஆக, போட முடியாத ஓட்டைப் பற்றி இரவு பகலாகப் பேசுகிறோம். பத்து நிமிட நடையில் போடக்கூடிய ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊரைப் பற்றிப் பேசுவதைக் குறை சொல்லவில்லை, அது நம் உயிரோடு ஒட்டியது. கூடவே இதையும் பேசலாமே என்கிறேன்.

தொகுதி மறுவரையறை பற்றி அந்த அறையில் எல்லோருமே வல்லுநர்கள். 1971 மக்கள்தொகைக் கணக்கில் தொகுதி எண்ணிக்கை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது, 2026-க்குப் பிறகு நடக்கும் கணக்கெடுப்பில் அந்தத் தடை நீங்குவது, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாடு தன் 39 இடங்களின் கனத்தை இழந்துவிடுமோ என்ற பயம், எல்லாம் விரல் நுனியில். நியாயமான பயம்தான். ஆனால் பிரிட்டனில் தொகுதி எல்லை எதை வைத்துப் போடுகிறார்கள்? மக்கள்தொகையை வைத்து அல்ல, பட்டியலில் பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்து. 2023-இல் முடிந்த மறுவரையறையில் ஒரு தொகுதிக்குச் சராசரி 73,393 வாக்காளர்கள் என்று வைத்து, அதிலிருந்து 5 சதவீதம் கூடக் குறையத்தான் அனுமதித்தார்கள். சில தீவுத் தொகுதிகள் மட்டும் விலக்கு. அதாவது, பெயர் சேர்க்காத ஒவ்வொருவரும் அந்தக் கணக்கிலேயே இல்லாதவர். நம் ஆட்கள் நிறைந்த பகுதியில் ஆயிரக்கணக்கானோர் பதியாமல் இருந்தால் அந்தப் பகுதிக்கே நாடாளுமன்றத்தில் கனம் குறைகிறது. ஊரில் நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதையே இங்கே நம் கையால் செய்துகொண்டிருக்கிறோம்.

"என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது?" என்று ஒரு தம்பி கேட்டான். எங்கள் கோலின்டேல் ஹெண்டன் தொகுதியில் வருகிறது. 2024 ஜூலை 4 பொதுத் தேர்தலில் ஹெண்டனில் வெற்றி வித்தியாசம் 15 ஓட்டு. ஆமாம், பதினைந்து. நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்பதையே முடிவு செய்த எண்ணிக்கை. யார் ஜெயித்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, உங்கள் கட்சி உங்களுக்கு. அந்த ஒரு கட்டடத்தில், ஆளாளுக்குத் தெரிந்த முகங்களை எண்ணியபோதே, பதிவு செய்யாத நம் ஊர்க்காரர்கள் 15-ஐத் தாண்டிவிட்டார்கள். தம்பி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நான் ஓட்டுப் போட்ட அன்றைய காலையை எழுதியே ஆக வேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி. காலை 7 மணிக்குத் திறந்து ராத்திரி 10 வரைக்கும் இருந்ததால் வேலைக்குப் போகிற வழியில் நுழைந்தேன். வரிசை இல்லை, போலீஸ் இல்லை, சத்தமே இல்லை. பிள்ளைகள் வரைந்த சூரியகாந்திப் படங்கள் ஒட்டிய சுவருக்குக் கீழே இரண்டு மேசை. 2023-இலிருந்து புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அசோகச் சின்னம் போட்ட நீல அட்டை. காமன்வெல்த் பாஸ்போர்ட் ஏற்கப்படும் என்று படித்துத்தான் போயிருந்தேன், இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு படபடப்பு. அந்த அம்மா படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பட்டியலில் என் பெயர்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார், சீட்டைக் கொடுத்தார். அவ்வளவுதான். தடுப்புக்குள் ஒரு பென்சில் கயிற்றில் கட்டித் தொங்கியது. பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டேன். வெளியே வந்து இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். மை இல்லை. அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன். வந்து நான்கு வருடத்தில், இந்த ஊர் என்னையும் கேட்கிறது என்று தோன்றிய முதல் நாள் அது.

அதன் பிறகு நாலே வாரத்தில் சவுத்போர்ட் ஊரில் சிறுமிகள் கொல்லப்பட்டார்கள், அதையொட்டிக் குடியேறிகளுக்கு எதிரான கலவரமும் வந்தது. அந்த ஆகஸ்ட் வாரம் நம் குழுக்களில் வந்தவை நினைவிருக்கிறதா? "சாயங்காலம் வெளியே போகாதீர்கள்", "கடையைச் சீக்கிரம் மூடுங்கள்", "புடவை கட்டிக்கொண்டு ட்ரெயினில் வர வேண்டாம்". பயம் உண்மை. நானும் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஆகஸ்ட் 7 அன்று வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கான மக்கள் இனவெறிக்கு எதிராகத் தெருவில் வந்து நின்றார்கள். அதில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். அந்த வாரம் நான் என் தொகுதி எம்பிக்கும் வார்டு கவுன்சிலருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். எம்பி தன் தொகுதியில் வசிக்கும் எவரது குறையையும் கேட்பார், ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்கள் கையில் வைத்திருப்பது வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக் கதவை அவர்கள் ஏன் தட்டப் போகிறார்கள்? கேர் வேலைக்கு வருகிறவர்கள் 2024 மார்ச் முதல் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்து வர முடியாது என்று விதி மாறியபோது நமக்காகக் குரல் ஏன் எழவில்லை என்று கேட்டோமே, அதற்கு ஒரு காரணம் இங்கேயும் இருக்கிறது.

2022 தீபாவளி அன்று ரிஷி சுனக் கன்சர்வேடிவ் கட்சித் தலைவராகத் தேர்வாகி மறுநாள் பிரதமரானபோது "நம்ம ஆளு" என்று வாழ்த்து பறந்தது. 2024-இல் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் ஜெயித்தபோது ஒரு தமிழ்ப் பெண் எம்பி என்று நானும் கண் கலங்கினேன். ஆனால் நம்மவர் ஒருவர் அங்கே போய் உட்காருவது மட்டுமே நம் பங்கு ஆகாது. இந்தியத் தலைவர் தாதாபாய் நவ்ரோஜி 1892-லேயே லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரலில் நின்று ஜெயித்தார், அதுவும் ஒற்றை இலக்க வாக்கு வித்தியாசத்தில். அவரை எம்பி ஆக்கியது அந்தத் தெருக்களில் குடியிருந்த சாதாரண வாக்காளர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்ப் போட்ட ஓட்டு.

சரி, பயங்களுக்கு வருகிறேன். ஓட்டுப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வராது. சட்டம் கொடுத்த உரிமை அது. நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரும் கடமைக்கு அழைப்பு வரலாம் என்பது உண்மை, ஆனால் 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு இங்கே வசித்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். வந்தாலும் அது கௌரவமான வேலை. இன்னொரு பக்கம், பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது, வீட்டுக்கடன் கேட்கும்போது உதவும். பெயர் சேர்க்கச் சொல்லிக் கவுன்சில் அனுப்பும் கடிதத்தைத் தொடர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டால் 80 பவுண்டு அபராதம்கூட வரலாம். கட்டணம் எதுவும் கிடையாது. அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை: முகவரி, பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண், குடியுரிமை என்ற இடத்தில் இந்தியா.

2026 மே 7 அன்று லண்டனின் 32 பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகள்) கவுன்சில் தேர்தல். குப்பை வண்டி, கவுன்சில் வீடு, பள்ளிக்கூட இடம், நூலகம், பார்க்கிங் அபராதம், நாம் தினமும் புலம்பும் எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. பெயர் சேர்க்கக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னால்.

அன்றைக்கு ராத்திரி அண்ணி தோசைக்கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "என் நம்பர் எந்த ஃபைல்ல இருக்குங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையிலேயே போனில் பதிந்தார்கள். நேற்று காலை குழுவில் ஒரு படம் வந்தது: கவுன்சிலிலிருந்து அண்ணி பெயருக்கு வந்த கடிதம், அவர் பெயரும் அப்பா பெயரும் முன்பின்னாக மாறாமல் சரியாக அச்சாகி. கீழே அவர் எழுதியிருந்தார், "எங்க ஸ்கூல்தான் பூத் போல. பிள்ளையை விட்டுட்டு அப்படியே போட்டுட்டு வந்துரலாம்."

யாருக்காவது பதிவதில் தடுமாற்றம் இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், போனில் கூடவே இருந்து முடித்துத் தருகிறேன்.