1978 லாட்டரி ஆய்வு: எண்கள் சொல்வது வேறு

லாட்டரியில் வென்றவரும் விபத்தில் உடல் செயலிழந்தவரும் ஓராண்டில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுவதாக 1978 ஆய்வு காட்டியது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பல இடங்களில் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழுவினரின் அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 0 முதல் 5 வரையிலான அளவுகோலில், அப்போதைய மகிழ்ச்சியின் சராசரி லாட்டரி வென்ற 22 பேருக்கு 4.00, அதே பகுதியில் வசித்த மற்றவர்களுக்கு 3.82. இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை, உண்மைதான். விபத்துக்குள்ளான 29 பேருக்கோ 2.96, தெளிவாகவே குறைவு. 'லாட்டரி வின்னர்ஸ் அண்ட் ஆக்சிடென்ட் விக்டிம்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடி, கட்டுரையின் அட்டவணையை நீங்களே பாருங்கள். முடங்கிப்போனவரின் துயரத்தை 'பழகிவிடும்' என்று தள்ளிவிட இந்த ஆய்வு சான்றாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.