பெட்டிக்குள் வைத்துவிட்ட குழந்தை

போன ஜனவரியில் கிறிஸ்துமஸ் குடிலைக் கலைத்து, ஒவ்வொரு உருவமாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேய்ப்பர்கள், ஆடு, ஞானிகள், யோசேப்பு, மரியாள். கடைசியில் குழந்தை. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதையும் சுற்றி வைத்து டேப் ஒட்டும்போது மனசு என்னவோ செய்தது. இயேசுவை நான் இப்படித்தானே வைத்திருக்கிறேன், டிசம்பரில் எடுத்துக் கொஞ்சிவிட்டு ஜனவரியில் கட்டி மேலே ஏற்றிவிடுகிறேன்.

டிசம்பர் 25 சரியான தேதியா என்று வருடாவருடம் ஒரு சண்டை வரும். வேதத்தில் தேதி இல்லை, 4ஆம் நூற்றாண்டில் ரோமில் அந்த நாளில் கொண்டாடியதற்குப் பதிவு இருக்கிறது. சரி, அதோடு விடுவோம்.

மாற்கு சுவிசேஷத்தில் பிறப்புக் கதையே கிடையாது. யோவான், குழந்தையைக் கிடத்திய முன்னணையையும் (மாட்டுத் தீவனத் தொட்டி) சொல்லவில்லை, நட்சத்திரத்தையும் சொல்லவில்லை. "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்கிறார், அவ்வளவுதான். வார்த்தை என்று அவர் சொல்வது இயேசுவைத்தான். அந்த "வாசம்பண்ணினார்" கிரேக்கத்தில் கூடாரம் போடுவதைக் குறிக்கிற சொல். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எங்கே போனாலும் அவர்கள் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரமும் கூடவே போனதே, அந்த ஞாபகத்தில்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஜனங்கள் பாளயம் பெயர்ந்தால் கூடாரத்தையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நாமோ அவரைக் குடிலிலேயே உட்காரவைத்துவிட்டோம்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்கிறார். இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன், ஆனாலும் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார் என்று யோசித்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. உலகத்தை உண்டாக்கினவர் பாலுக்கு அழுதார், அப்புறம் படகின் பின்பக்கத்தில் களைத்துத் தூங்கினார், சிநேகிதனின் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார்.

ஞானிகள் கொண்டுவந்ததில் பொன்னும் தூபவர்க்கமும் நமக்குப் புரிந்துவிடும். மூன்றாவது வெள்ளைப்போளம், கசப்பான ஒரு வாசனைப் பிசின். சிலுவையில் அறையுமுன் அவருக்கு நீட்டிய திராட்சரசத்தில் கலந்திருந்தது அதுதான், அடக்கம் செய்ய நிக்கொதேமு சுமந்துவந்ததிலும் அது இருந்தது. குழந்தை இருந்த வீட்டுக்குள்ளேயே கல்லறையின் வாசனை வந்துவிட்டது. இதைப் பேசாமல் எப்படிக் கிறிஸ்துமஸ் பேசுவது?

மத்தேயு முதல் அதிகாரத்திலேயே "இம்மானுவேல்" என்று சொல்லி, தேவன் நம்மோடிருக்கிறார் என்று அர்த்தமும் சொல்கிறார். புத்தகத்தின் கடைசி வசனத்தில் உயிர்த்தெழுந்தவர் அதையே சொல்கிறார், சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன் என்று. எனக்கு முழுக் கிறிஸ்துமஸும் இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவேதான் இருக்கிறது.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த டிசம்பரில் வந்தவர்களெல்லாம் வசனம் சொன்னார்கள், ஜெபித்தார்கள், புறப்பட்டார்கள். சபையிலிருந்து வந்த ஒரு வயதான அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் இழுத்துப் போட்டு, போர்வைக்கு வெளியே தெரிந்த அம்மாவின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.