என் இணைப்பின் பயனர் பெயரை என்னிடமே மறைக்கிறார்கள்

மாதந்தோறும் பணம் கட்டுவது நான். இணைய இணைப்பு என் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்த இணைப்புக்குள் நுழைவதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டால், "அதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தருவதில்லை" என்கிறார்கள் இணைய நிறுவனத்தார். நாட்கணக்கில் இந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே நல்ல ரவுட்டர் ஒன்று இருக்கிறது. பல நாள் யோசித்து வாங்கியது. வீட்டின் நடுவில் வைத்தால் கடைசி அறை வரை வைஃபை எட்டும். பிள்ளைகளின் கருவிகளுக்குத் தனி வைஃபை, இரவில் தானாக நிற்கும் நேரக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அதில் அமைத்து வைத்திருக்கிறேன். இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசலோரச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார், ஒளியிழையைச் செருகினார், பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பிவிட்டார். என் ரவுட்டரைக் காட்டியபோது, "அது தேவையே இல்லை சார், இதிலேயே வைஃபை இருக்கிறது" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிய மனிதர். அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள்மீதுதான் கோபம்.

அந்தப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது. ஓஎன்டி என்கிறார்களே, அதன் வேலை இதுதான். அது அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஒரே ஒளியிழை வழியில் பிரிந்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ போகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கப்பட்ட கணத்தில் மட்டுமே ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். முறை தவறி ஒளிரும் ஒரே ஒரு பெட்டி அந்த இழையில் இருக்கும் அத்தனை வீடுகளின் இணைப்பையும் கெடுத்துவிடும். அதில் கை வைக்காதே என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வேலை, வைஃபை தருவதும் கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுப்பதும், முழுக்க என் வீட்டுக்குள் நடக்கிறது. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினால் அது ஒளியை மட்டும் கவனித்துக்கொள்ளும், மீதியை என் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். சில நிமிட வேலை. அதற்குத்தான் இத்தனை அலைக்கழிப்பு!

முதல் நாள் பெட்டிக்குப் பின்னால் என் ரவுட்டரை அப்படியே செருகிப் பார்த்தேன். இணையமே வரவில்லை. இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தன. என்னுடையதை 192.168.50.1 என்று மாற்றியதும் இணையம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலை இப்போது இரண்டு பெட்டிகளிலும் நடக்கிறது. இரட்டை நேட் என்பார்கள். வலைப்பக்கங்கள் திறக்கும், படம் ஓடும். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முயன்றால் கதவு மூடியிருக்கும். வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட்டை என் ரவுட்டரில் திறந்தால் மட்டும் போதாது, அவர்கள் பெட்டியிலும் திறக்க வேண்டும். அந்தப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் தர மாட்டார்கள். "இணையம் வருகிறதே சார், பிறகென்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதே என்பதற்காக என் சமையலறையின் சாவியை அவர்களே வைத்துக்கொள்வார்களா?

பிறகு தொலைபேசிப் படலம். ஒவ்வொரு முறையும் புதிய குரல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. பெட்டியை அணைத்து 30 விநாடி கழித்துப் போடச் சொல்வார்கள். பிரிட்ஜ் மோட் என்றால் என்னவென்று என்னிடமே கேட்டார் ஒருவர். ஆறாவது அழைப்பில் வந்த ஒரு நல்ல பெண்மணி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் குறுஞ்செய்தியில் அனுப்பிவைத்தார், பெட்டியைத் தொலைவிலிருந்தே பிரிட்ஜ் மோடுக்கும் மாற்றிக் கொடுத்தார். பயனர் பெயரைக் கொடுத்து இணைப்புக்குள் நுழையும் முறைக்குப் பிபிபிஓஇ என்று பெயர். மகிழ்ச்சியோடு ரவுட்டரின் பிபிபிஓஇ அமைப்பில் தட்டச்சு செய்தேன். இணைப்பு வரவில்லை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் மறுபடி அமைத்தேன். இரண்டு இரவுகள் போயின.

காரணம் ஒரு எண். ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் விலேன் எண் என்ற அடையாளம் ஒட்டியிருந்தால்தான் எதிர்முனை அதைத் திரும்பிப் பார்க்கும். எண் இல்லையென்றால் மறுப்புகூட வராது. கடவுச்சொல் தவறென்றால் தவறு என்றாவது செய்தி வரும். இங்கே வெறும் மௌனம். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு சத்தத்துக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். அந்த எண் ரகசியமே இல்லை. எனக்கென்று தனியாக உள்ளதும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டதால் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது? ஒன்பதாம் நாள் ஒருவர் போகிற போக்கில் அந்த எண்ணைச் சொன்னார். உள்ளிட்ட அரை நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று நாள் கழித்துக் காலையில் எழுந்தால் ரவுட்டரில் சிவப்பு விளக்கு. நள்ளிரவில் அவர்கள் தொலைவிலிருந்தே பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். பிரிட்ஜ் அமைப்பு அழிந்து, பெட்டி பழையபடி தானே ரவுட்டராகிவிட்டது. ஒரு குறுஞ்செய்தி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. அன்று காலை எனக்கு முக்கியமான காணொளிக் கூட்டம் இருந்தது. அழைத்துக் கேட்டால், "அப்படி ஓர் அமைப்பைச் செய்ததாக எங்கள் பதிவில் எதுவும் இல்லை" என்கிறார்கள். அந்தப் பெண்மணியின் உழைப்பையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள்.

தொழில்நுட்பக் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரவுட்டரை இணைத்துக்கொள்ளலாம், அதற்குத் தேவையான விவரங்களை நிறுவனம் கேட்காமலேயே தர வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் இதே ஒளியிழைதான், இதே பிபிபிஓஇதான்.

நான் கேட்பது ஒரு துண்டுச்சீட்டு. பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண், ஒரு பொட்டலம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதைச் சொல்லும் எம்டியூ 1492 என்பது போன்ற அளவு. ரவுட்டரின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கு அழைக்க வேண்டிய எண். இவ்வளவையும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட இடம் இருக்கிறது. அவர்கள் தங்கள் வைஃபையின் பெயரைப் பெரிய எழுத்தில் அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். இன்று மறுபடி புகார் எண் வாங்கியிருக்கிறேன். 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.