மண் தின்கிற பிள்ளையை அடிக்காமல் ரத்தத்தைப் பாருங்கள்

சுவரைச் சுரண்டித் தின்கிற பிள்ளைக்கு நம் ஊரில் ஒரு வைத்தியம் தயாராக இருக்கிறது. விரலில் வேப்பெண்ணெய் தடவுவது. அதற்கும் மசியாவிட்டால் முதுகில் ஒன்று வைப்பது. அப்புறம் பேச்சு முழுக்கத் தாய்க்கு: "நேரத்துக்குச் சோறு போட்டா அது ஏன் மண்ணைத் திங்குது?"

மண், பல்பம், சுண்ணாம்பு, சாம்பல், பச்சரிசி. இதைத் தின்கிற பிள்ளை இல்லாத தெருவே கிடையாது. ஆனாலும் நாம் இதைக் கெட்ட பழக்கம் என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் இது வளர்ப்புக் கோளாறு அல்ல, உடம்பில் இருக்கிற குறை.

இதே மண்ணைக் கர்ப்பிணி தின்றால் மட்டும் 'மசக்கை' என்று சிரித்துக்கொள்கிறோம். 'உன் நாட்டு மண்ணை மசக்கை கண்ட பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவரால் உண்ண முடியாது' என்று சேர மன்னன் ஒருவனைப் புறநானூறு புகழ்கிறது (20-ஆம் பாட்டு). அவளுக்குப் பாட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அடி. என்ன நியாயம் இது?

ஒன்றரை வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். உலகத்தை அது அப்படித்தான் தெரிந்துகொள்கிறது, அதைப் பிடுங்கிப் போட்டால் போதும். இரண்டு வயது தாண்டியும், ஒரு மாதத்துக்கு மேல், தேடித் தேடிப் போய்த் தின்றால்தான் கதை வேறு. மருத்துவர்கள் அதை 'பைகா' என்கிறார்கள். அவர்கள் முதலில் சந்தேகப்படுவது இரும்புச்சத்துக் குறைவைத்தான். அது முற்றினால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 67. இதில் நம் வீட்டுப் பிள்ளை இருக்காது என்று எந்தத் தைரியத்தில் நினைக்கிறோம்?

எங்கள் தெருவில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை. வாசல் சுவரில் அவள் உயரத்துக்குச் சுண்ணாம்பே இருக்காது. எதற்கெடுத்தாலும் அழுகை, ராத்திரியில் காலை உதறிக்கொண்டே புரளுவாள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. என்ன சாப்பிடுவாள் என்று கேட்டேன். "சோறுதான்க்கா இறங்காது, பால் நல்லா குடிப்பா. ஒரு நாளைக்கு நாலு டம்ளர்" என்றாள் தாய், பெருமையாகவே. சிக்கலே அங்கேதான் இருந்தது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு முழுக்கப் பால் நிரம்பினால் சோற்றுக்கும் கீரைக்கும் இடம் ஏது? போதாக்குறைக்குப் பாலில் இருக்கிற கால்சியம், மற்ற உணவிலிருந்து வருகிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. அந்த வயதில் 11 இருக்க வேண்டும்.

இரும்புச்சத்து மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே சுவர் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். இது ஏதோ அதிசயம் இல்லை. ஹீமோகுளோபின் முழுசாக ஏறுவதற்கு முன்பே மண் ஆசை அடங்குவது பல பிள்ளைகளிடம் நடப்பதுதான். ராத்திரி உதறலும் சிடுசிடுப்பும்கூடக் குறைந்தன. மூளைக்கும் தூக்கத்துக்கும் இரும்பு வேண்டும். நாம் அடம் என்று பெயர் வைப்பதில் ஒரு பங்கு ரத்தசோகையாக இருக்கலாம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்துச் சில நொடி மயங்குகிற பிள்ளைகளிலும் சிலருக்கு இந்தக் குறை உண்டு. வலிப்பு என்று பதறும் வீட்டார் டாக்டரிடம் இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ரீல்ஸில் அறிகுறிப் பட்டியல் பார்த்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "ஆட்டிசமா இருக்குமோ" என்று அழுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் பைகா கூடுதலாகக் காணப்படுவது உண்மை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் அதைத் தனியாகக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்தானே? மண் தின்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் தப்பு, 'அந்தப் பிள்ளை அப்படித்தான்' என்று ரத்தசோகையை விட்டுவிடுவதும் தப்பு.

பழைய பெயிண்ட் உரிகிற வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் ('லெட்' என்கிற நச்சு உலோகம்) 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரைச் சுரண்டித் தின்னும் பிள்ளைக்கு ஈயம் உள்ளே போகலாம். இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சொன்னால்தான் அதற்கான சோதனை எழுதுவார்.

"முருங்கைக்கீரை கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். கொடுங்கள், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தே கொடுங்கள். அசைவ வீடு என்றால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) இன்னும் நல்லது. ஆனால் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிய பிறகு கீரையை மட்டும் நம்பி இருக்க முடியாது, மருந்து வேண்டும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டு உதவாது. மருந்தைப் பாலோடு கலக்காதீர்கள். மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ரெண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள், காரணம் உடம்பின் சேமிப்பும் நிரம்ப வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கிற இரும்புச்சத்து சிரப்பையும் வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல், முறையாகக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த அலமாரி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிரப் இனிக்கிறது என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.