தகட்டை வளைக்கிறவன் உள்நாட்டுத் தொழில் இல்லையா?

2025 ஏப்ரல் 21, திங்கட்கிழமை. கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஷீட் டீலரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. “சார், நாளையிலிருந்து பழைய ரேட் இல்லை. புது ரேட் காலையில் சொல்கிறேன்.” என்ன விஷயம் என்று கேட்டால் பதில் இல்லை. ஏதாவது லாரி ஸ்டிரைக்கா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் செய்தி பார்த்த பிறகுதான் புரிந்தது: வெளிநாட்டிலிருந்து வரும் எஃகுத் தகடுகளுக்கு 12 சதவீதம் பாதுகாப்பு வரி (இறக்குமதி வெள்ளத்திலிருந்து உள்நாட்டு ஆலைகளைக் காக்கப் போடும் வரி), 200 நாட்களுக்கு. அரசாணையின் மை காய்வதற்கு முன்பே என் டீலருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேகத்தில் எனக்கு வர வேண்டிய பேமென்ட் வந்தால் நன்றாக இருக்கும்.

நான் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், டிவிஎஸ் கிராஸ் பக்கம், சின்னதாக ஒரு ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து பதினோரு பேர். மின்சார பேனல் பெட்டிகள் செய்கிறோம். தகட்டை வெட்டி, துளை போட்டு, வளைத்து, வெல்டிங் அடித்து, பவுடர் கோட்டிங்குக்கு வெளியே அனுப்பி, திரும்பி வந்ததும் கதவு, பூட்டு, ரப்பர் எல்லாம் மாட்டிக் கொடுப்பது வரை எங்கள் வேலை. ஒரு பெட்டிக்குச் சுமார் 38 கிலோ ஷீட் போகும். அன்றைக்கு என் கையில் 400 பெட்டிக்கு ஆர்டர் இருந்தது. ரேட் கான்ட்ராக்ட், அதாவது வருஷம் முழுக்க ஒரே விலை. மறுநாள் காலை டீலர் கூட்டியது கிலோவுக்கு 3 ரூபாய். கணக்குப் போட்டால் 45,600 ரூபாய். என் ஃபிட்டருக்கு இரண்டு மாதச் சம்பளம் அது. கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜரிடம் சொன்னேன். “சார், பர்ச்சேஸ் ஆர்டரில் விலை ஏற்றத்துக்கு இடமில்லையே” என்றார். அவர் சொன்னது சரிதான். கையெழுத்துப் போட்டது நான்தானே.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு நாளும் வெளிநாட்டு ஷீட் வாங்கியதில்லை. என் கடைக்கு வருவது எல்லாம் நம் நாட்டு ஆலைகளில் உருட்டிய தகடுதான். இறக்குமதி வரி எனக்கு எதற்கு வலிக்க வேண்டும்? துறைமுகத்தில் இறங்கும் தகடு என்ன விலைக்கு வந்து சேருமோ, அதை ஒட்டித்தான் உள்ளூர் ஆலைகளும் விலை வைக்கும். அந்த விலை ஏறினால், இவர்களும் ஏற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது. வரியாக அரசுக்குப் போவது கொஞ்சம்தான். விலையாக என்னைப் போன்றவன் கையிலிருந்து போவது அதைவிடப் பெரிது.

ஆலைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சீனா 2024-ல் மட்டும் 11 கோடி டன்னுக்கு மேல் எஃகை வெளியே தள்ளியது. அமெரிக்கா 2025-ல் எஃகுக்கு முதலில் 25 சதவீதம், ஜூனில் 50 சதவீதம் என்று மதில் கட்டிவிட்டது. அங்கே நுழைய முடியாத சரக்கு எங்கே போகும்? 2024-25 நிதியாண்டில் நம் நாட்டுக்குள் வந்த எஃகு சுமார் 95 லட்சம் டன். கொரியா, ஜப்பானோடு போட்ட ஒப்பந்தங்களால் அங்கிருந்து வரும் எஃகுக்கு 7.5 சதவீத அடிப்படைச் சுங்க வரிகூடக் கிடையாது. ஆயிரக்கணக்கான கோடி போட்டு ஆலை கட்டியவன் பதறத்தான் செய்வான். அந்த வரியிலும் ஒரு நிதானம் இருந்தது: ஹாட் ரோல்டு காயில், அதாவது சூடாக உருட்டிச் சுருட்டிய தகடு, டன்னுக்கு 675 டாலருக்குக் குறையாமல் வந்தால் பாதுகாப்பு வரி இல்லை என்று வைத்தார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷக் கடைசியில் ஷீட் விலை தானாகவே இறங்கியது. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். டிசம்பர் 30-ம் தேதி வரியை, அந்த ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டு, மூன்று வருஷத்துக்கு உறுதி செய்தார்கள்: முதல் வருஷம் 12 சதவீதம், அப்புறம் 11.5, அப்புறம் 11. 2028 ஏப்ரல் வரை ஓடும்.

என் கோபம் வரியின் மேல் இல்லை. அந்த விசாரணையில் ‘உள்நாட்டுத் தொழில்’ என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதில்தான். சட்டப்படி அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அதே பொருளையோ அதோடு நேரடியாகப் போட்டிபோடும் பொருளையோ தயாரிப்பவர்கள். எஃகுத் தகடு பற்றிய வழக்கு என்றால் எஃகு ஆலைகள் மட்டும். டெல்லியில் டிஜிடிஆர் என்ற மத்திய அரசு அலுவலகம் விசாரிக்கும். ஆலைகளின் சங்கம் மனு போடும், வக்கீல் வைக்கும், கட்டுக்கட்டாக நஷ்டக் கணக்கு கொடுக்கும். தகட்டை வாங்கி வேலை செய்கிறவன் அங்கே வெறும் ‘பயனீட்டாளர்’. அவனும் கருத்துச் சொல்லலாம், வழி இருக்கிறது. கேள்விப் பட்டியலை நிரப்பி, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவே ஆடிட்டர் பையன் பின்னால் அலைய வேண்டியிருக்கிறது. டிசம்பர் 2024-ல் விசாரணை ஆரம்பித்தது என்பதே வரி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பீன்யாவில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. தகடாக வந்தால் வரி. அதே தகட்டை வியட்நாமில் வளைத்து, பெயின்ட் அடித்து, உள்ளே மின்சாதனம் மாட்டி, முழு இயந்திரமாகக் கொண்டு வந்தால்? உள்ளே இருக்கும் எஃகுக்குப் பாதுகாப்பு வரி யாரும் கேட்பதில்லை. ஆசியான் நாடுகளோடு 2010 முதல் இருக்கிற ஒப்பந்தத்தில் எத்தனையோ பொருட்களுக்குச் சுங்க வரியே பூஜ்யம். 100 ரூபாய்ப் பெட்டியில் 60 ரூபாய் தகடு என்று வையுங்கள். மிச்சம் 40-ல்தான் சம்பளம், கரண்ட், வாடகை, என் லாபம் எல்லாம். 12 சதவீத வரியில் பாதியளவுக்கு, தகடு விலை 6 சதவீதம் ஏறினாலும் 3 ரூபாய் 60 காசு அந்த 40-லிருந்து போகிறது. கரண்ட்டைக் குறைக்க முடியுமா, வாடகையைக் குறைக்க முடியுமா? போவது என் பங்குதான்.

இப்படியெல்லாம் நான் ஒரு நாள் டிவிஎஸ் கிராஸ் தர்ஷினியில் (நின்று சாப்பிடும் ஓட்டல்) ஒரு காபியை இரண்டாகப் பிரித்த பை டூ காபி குடித்துக்கொண்டே பொரிந்து தள்ளினேன். எதிரே நின்றவர் கோயம்புத்தூர் அண்ணா ஒருவர், முப்பது வருஷமாக இங்கே திருகாணி போடுகிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, அந்த 129 ரூபாய் வராம இருந்திருந்தா நான் மெஷினை எடைக்குப் போட்டிருப்பேனுங்க.” 2024 ஜனவரியில், கிலோ 129 ரூபாய்க்குக் குறைவான விலையில் திருகாணி இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் மூட்டை மூட்டையாகச் சீனத் திருகாணி கிடைக்கும். நானே வாங்கியிருக்கிறேன், அவரிடம் வாங்காமல். “அப்ப நீங்க எங்கிட்ட வந்தீங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. காபிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

திருகாணி செய்ய வாங்கும் கம்பியின் விலையில் அவருக்கும் இதே தலைவலி உண்டு. திருகாணியில் பிழைத்தார், கம்பியில் இழுபடுகிறார். ஒரே தெருவில் ஒருவனின் காப்பு அடுத்தவனுக்குச் சுமை என்றால், இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்? துணி நூல் விஷயத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். பாலியெஸ்டர் இழை, நூல் போன்றவற்றுக்குக் கட்டாயமாக இருந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகளை 2025 நவம்பரில் அரசே திரும்ப வாங்கியது. பின்னலாடைக்காரர்கள் வருஷக்கணக்காகக் கத்திய பிறகு. மூலப்பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கேட்டால் வெளிநாட்டுச் சரக்கு நிற்கிறது, உள்ளூர்ச் சரக்கு விலை ஏறுகிறது, சட்டை தைக்கிறவன் மாட்டிக்கொள்கிறான் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். எஃகில் அப்படிக் கத்த எங்களுக்குத் தொண்டை போதவில்லை.

வரி போடுங்கள். போடும்போது அதே விசாரணையில், அந்தத் தகட்டை வாங்கும் சிறு பட்டறைகளுக்கு எவ்வளவு ஏறும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதை எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்து, கன்னடத்திலோ தமிழிலோ கேட்டு எழுதுங்கள். தகட்டுக்கு வரி என்றால் தகட்டில் செய்த பெட்டிக்கும் பாருங்கள். கம்பெனிகள் கான்ட்ராக்டில் மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வரி சேர்க்கும்படி செய்யுங்கள்.

போன வாரம் புது ரேட் கான்ட்ராக்டுக்குக் கொட்டேஷன் கேட்டிருந்தார்கள். விலை செல்லுபடி ஏழு நாள் என்று போட்டு அனுப்பினேன். பர்ச்சேஸில் இருந்து போன் வந்தது, “ஏழு நாளா, ஒரு வருஷம் போடுங்க சார்.” திருகாணியை மட்டும் ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கிறேன். அண்ணா விலை ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஷீட்டுக்கு டீலர் இன்னும் போன் எடுக்கவில்லை.