ரசிகர்கள் எந்த மாற்றத்தையும் ஏற்பதில்லை என்பது சரியா?
அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டக் கதைகளை நடிகர்களைக் கொண்டு படமாக்குவது பற்றிய இக்கட்டுரையில், மூலக்கதையிலிருந்து இம்மி விலகினாலும் அனிமே ரசிகர்கள் பொறுப்பதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. 2006-இல் ஜப்பானில் இரண்டு பாகங்களாக வெளிவந்த 'டெத் நோட்' (பெயரை எழுதினாலே ஆளைக் கொல்லும் குறிப்பேட்டின் கதை) திரைப்படம் கதையின் முடிவையே மாற்றியது. எப்படி என்று சொல்லி, பார்க்காதவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. இருந்தும் அது கொண்டாடப்பட்டதோடு, எல் என்ற துப்பறிவாளர் பாத்திரத்தில் நடித்த கெனிச்சி மட்சுயாமாவுக்காகவே 2008-இல் தனிப் படமும் எடுக்கப்பட்டது. 2017-இல் வந்த அமெரிக்க வடிவம் எதிர்ப்பைச் சந்தித்ததற்குக் களம் சியாட்டிலுக்கு மாறியதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. குறிப்பேட்டைக் கைக்கொண்டு ஈவிரக்கமின்றிக் கணக்குப் போடும் கதாநாயகன் லைட், அங்கே பேயைக் கண்டு அலறும் பதற்றக்காரச் சிறுவனாகிவிட்டதால், லைட், எல் என்ற இரு அறிவாளிகளுக்கு இடையிலான போட்டி என்ற கதையின் உயிர்நாடியே அறுந்துபோயிற்று. அதே ஆண்டின் ஜப்பானியத் தயாரிப்பான 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தலைமுடி நிறம் வரை மூலத்தை ஒத்திருந்தும், எனக்கு மாறுவேடப் போட்டியைப் பார்ப்பது போலவே இருந்தது. இக்கட்டுரைக்குக் கருத்திட்ட இன்னொரு நண்பர், நடிகர்களைக் கொண்டு எடுத்த 'ஒன் பீஸ்' தொடர் வென்றதற்கு அக்கதையின் படைப்பாளி ஓடா தயாரிப்பில் பங்கேற்றதே காரணம் என்கிறார். ஆனால் அதேபோல் எடுக்கப்பட்ட 'கவ்பாய் பீபாப்' தொடரிலும் மூல இயக்குநர் வதனாபேயின் பெயர் ஆலோசகராக இடம்பெற்றிருந்தது. 2021 நவம்பரில் வெளியான அத்தொடர் அடுத்த மாதமே கைவிடப்பட்டது. படைப்பாளியின் பெயரைச் சேர்ப்பதைவிட, அவர் மறுத்தால் ஒரு காட்சி நிற்குமா என்பதே முக்கியம்.